வயர் கட்டிய கேமராவும் வடகரை முகங்களும்: ஓர் ஆய்வு

இவ்வாய்வின் எல்லை: வடகரை ஊரைச் சுற்றி, வடக்கே அடவிநயினார் அணை, தெற்கே குற்றாலம். காலம்: சாரல் அடிக்கும் ஆனி, ஆடி. பொருள்: கணினியோடு வயரால் கட்டப்பட்ட கேமராவின் முன் மனிதர் உட்காரும் விதம். ஊர்ப் பேச்சில் சொன்னால், ஆதார் போட்டோ.

முன்னோடியைச் சுட்டாத ஆய்வு ஆய்வாகாது. 1991இல் கேம்பிரிட்ஜ் கணினி ஆய்வகத்தில், காப்பி தீர்ந்தது தெரியாமல் போய் வெறும் பானையைப் பார்த்துத் திரும்பி அலுத்தவர்கள், பானைக்கு எதிரே ஒரு கேமராவை நிறுத்திக் கணினியில் கட்டினார்கள். வெப்கேம் குலத்துக்கு ஆதி அதுதான் என்பார்கள். 2001இல் கேமராவை அணைத்ததும், அந்தப் பானை 3,350 பவுண்டுக்கு ஏலம் போனது. நியாயமான விலை. அது கண் சிமிட்டவில்லை, தலை கோதவில்லை, "நல்லா விழுந்திருக்கா?" என்று கேட்கவும் இல்லை. 2010 செப்டம்பர் 29 அன்று மகாராஷ்டிரத்தின் தெம்பிலி கிராமத்தில் முதல் ஆதார் எண் வழங்கப்பட்டது. அன்று முதல் நம்மிடம் எதிர்பார்க்கப்படுவதும் அந்தப் பானையின் ஒழுக்கமே.

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என்றார். வடமொழியார் சாந்தத்தைச் சேர்த்து ஒன்பதாக்கினர். ஆதாரோ எட்டையும் தள்ளிவிட்டு ஒன்பதாவதை மட்டும் வைத்துக்கொண்டது. ஐந்து வயதுக்குள் கைரேகை கிடையாது, முகம் போதும் என்கிறார்கள். அந்த முகத்திலோ அழுகையும் அச்சமும் வெகுளியும் ஒருசேர நிற்கும். ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வருகிறவர் நிலை வேறு: முகத்தில் சாந்தம் சொட்டும், கண் மட்டும் மிளகாய்ப்பழம்.

இனி என் கருதுகோள். பழைய ஸ்டூடியோக்காரர் எழுந்து வந்து, நாடியை ஒரு விரலால் நிமிர்த்தி, காலரைச் சரிசெய்வார். அவருக்கு முகம் கையெட்டும் பொருள். வயர் வந்தபின் படம் எடுக்கிறவர் முகத்தைப் பார்ப்பதில்லை, திரையைப் பார்க்கிறார். எதிரே இருப்பவர் கேமராவைப் பார்ப்பதில்லை, பேசுகிறவரைப் பார்க்கிறார். யுஎஸ்பி 2.0 வயருக்கு 5 மீட்டர்தான் எல்லை என்பதால் இருவரும் ஓர் அறைக்குள்தான் இருந்தாக வேண்டும். இருந்தும் ஒருவர் கண்ணை ஒருவர் சந்திப்பதில்லை.

இதற்குக் களச் சான்று உண்டு. ஆதார் மையம் ஒன்றில் வடகரை ஆச்சி ஒருத்தி.

"ஆச்சி, என்னையப் பாக்காதிய. கேமராவப் பாருங்க."

"ஏட்டி, பேசுறது நீ. அந்த உருண்டையப் பாத்து நான் என்னத்தச் செய்ய?"

பின்னால் கட்டிய வெள்ளைத் துணி மலைக்காற்றில் உப்பி ஆச்சி தலையில் முக்காடு போட்டது. மறுபடி. மின்சாரம் போய் வந்தது. மறுபடி.

குற்றாலத்துச் சித்திர சபையில் நடராசரே ஓவியமாகத்தான் இருக்கிறார். காலைத் தூக்கி, சடையை விரித்து ஆடுகிறார். வாயை மூடி நேராக நில்லும் என்று அவரிடம் யாரும் சொன்னதாகத் தகவல் இல்லை. ஒப்பாய்வு செய்யப் புகுந்தால் கட்டுரை கோயில் பக்கம் போய்விடும் என்பதால் இதோடு விடுகிறேன்.

ஆச்சியின் அட்டை பின்னர் தபாலில் வந்தது. படத்தில் கண்கள் லேசாக இடப்பக்கம் ஒதுங்கியிருக்கின்றன. அங்கே இரண்டடி தள்ளித்தான் படம் எடுத்த பெண் உட்கார்ந்திருந்தாள்.