யாளிக்குச் சுழி பார்க்கும் முறைமை: ஒரு முன்னோட்ட ஆய்வு

கொங்கு நாட்டில் குழந்தை வரைந்த படத்துக்குக் கருத்துரை இதுவரை இரண்டே வகை. "சூப்பர் கண்ணு" என்பது முதல் வகை. படத்தைப் பார்க்காமலே சொல்லிவிடலாம் என்பது இதன் சிறப்பு. "இது என்ன சாமி, நாயா?" என்பது இரண்டாம் வகை. உற்றுப் பார்த்த பிறகே எழுவதால் காயம் கூடுதல். இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது உண்டா என்பதே இவ்வாய்வின் வினா.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ஒரு தாள், 12 நிற கலர் பென்சில் டப்பா, ஒரு யாளி. பேரூர் பட்டீசுவரர் கோயிலின் கனகசபையில், நாயக்கர் காலத்துச் சிற்பங்களுக்கு நடுவே பார்த்ததாக ஓவியர் தரப்பு கூறுகிறது. ஓவியருக்கு வயது ஒன்பது. நேர்காணல் முழுவதும் முறுக்கு தின்றுகொண்டிருந்தார்.

முதல் சிக்கல் அளவுகோல். யானையைத் தப்பாக வரைந்தால் 1902 முதல் கோவையில் இருக்கும் காஸ் வன அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போய்த் திருத்தலாம். சிற்பத்தில் மட்டுமே உள்ள யாளிக்கு எங்கே போவது? 1515இல் இந்தியாவிலிருந்து லிஸ்பனுக்குக் கப்பலேறிய காண்டாமிருகத்தை, ஜெர்மானியரான ஆல்பிரெக்ட் டூரர் கண்ணால் காணாமலே வரைந்தார். தோள்மேல் இல்லாத கொம்பு ஒன்றைச் சேர்த்தும் விட்டார். ஐரோப்பா நெடுங்காலம் அதையே நம்பியது. டூரரின் பிழையைச் சொல்ல ஒரு நிஜ மிருகமாவது இருந்தது. சிங்க உடம்புக்குத் தும்பிக்கை வராது என்று வாதாடுகிறவர் யாளியைப் பற்றிப் பேசவே இல்லை. அவருடைய சண்டை சிங்கத்தோடு. நம் வீடுகளில் பாதி விமர்சனம் இப்படிப்பட்டதுதான் என்பது கட்டுரையாளரின் துணிபு.

கைக்கு எட்டும் தூரத்திலேயே ஒரு முறைமை இருந்தும் அறிஞர்கள் கவனிக்கவில்லை. அது மாட்டுச் சந்தை முறைமை. கண்ணபுரத்திலும், ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையிலும் காங்கேயம் மாடு பார்க்க வருகிறவர் "ஆகா, அழகு" என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. வாயைப் பிளந்து பல்லை எண்ணுவார், திமிலைத் தடவுவார், நாலடி நடக்கவிட்டுக் குளம்பு பார்ப்பார். மயிர்ச் சுழி எங்கே விழுந்திருக்கிறது என்று சுற்றி வருவார். குறை சொல்வதுதான் அங்கே மரியாதை. வாங்க வந்தவன் மட்டுமே குறை சொல்வான். சும்மா வந்தவன் புகழ்ந்துவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவான்.

இம்முறையைச் சோதிக்க, ஐம்பது ஆண்டு மாடு கட்டிய அனுபவம் உள்ள அப்பாரு (தாத்தா) ஒருவரிடம் படம் தரப்பட்டது. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு கேட்டது ஒன்றுதான்: "இது எந்தக் கால ஊனி நிக்குது அம்மிணி?"

ஓவியர் முறுக்கைக் கீழே வைத்தார். இதை ஆய்வின் முதல் பயன் எனக் குறித்துக்கொள்ள வேண்டும். யாளியின் நாலு காலும் தரையைத் தொடாமல் அந்தரத்தில் இருந்தது அப்போதுதான் அவர் கண்ணுக்கே பட்டது. பின்னங்கால் தடித்தது, குளம்படியில் நிழல் வந்தது. உலகில் இல்லாத மிருகத்துக்கும் எடை உண்டு.

நிறத்தில் அப்பாருவின் புலமை இன்னும் ஆழம். உடம்பு முழுக்கக் கருப்பை அழுத்திப் பூசியிருந்தது. காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலை, ஏறத்தாழ ஆறு மாதத்தில் சாம்பல், காளையானால் திமிலிலும் கழுத்திலும் கருமை என்று அவர் விளக்கினார். கலர் பென்சிலின் நியாயமும் இதுவே. அதன் முனை மெழுகும் நிறப்பொடியும் சேர்ந்தது. முதலிலேயே அழுத்தினால் தாளின் சொரசொரப்பு அடைபட்டு அடுத்த நிறம் வழுக்கும். லேசாகப் பழுப்பு, அதன்மேல் நீலம், கடைசியில் வேண்டிய இடத்தில் மட்டும் கருப்பு என்று ஏற்றினால் தோல் உயிரோடு இருக்கும். ஆனால் இந்த யோசனையைப் படம் முடிந்தபின் சொல்வது வீண். ரப்பர் போட்டால் மெழுகு அப்பிக்கொள்ளும். அடுத்த படத்தின் முதல் கோட்டுக்கு முன்பே சொல்ல வேண்டும். (வயிற்றுக்கு "ஸ்கின் கலர்" பூசியிருந்தது தனி ஆய்வுக்குரியது. அமெரிக்காவின் கிரயோலா நிறுவனம் இதே பொருளில் வைத்திருந்த "ஃபிளெஷ்" என்ற பெயரை 1962இல் கைவிட்டது. நம் டப்பாக்களில் இன்னும் யாருடைய தோல் என்று கேட்க ஆளில்லை.)

முறைமைக்கு எல்லையும் உண்டு. பிடரி முழுவதும் ஓவியர் சுருள் சுருளாகப் போட்டிருந்தார். சுழி சாத்திரப்படி எண்ணினால் நல்லதென்ற கோபுரச் சுழியும் ஆகாதென்ற பாடைச் சுழியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. மாடாக இருந்தால் சும்மா கொடுத்தாலும் யாரும் ஓட்டிப்போக மாட்டார்கள். அப்பாருவின் முகம் மாறியது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. தெரிந்த சாத்திரம் எல்லாவற்றையும் தெரிந்ததற்காகவே சொல்லாதது விமர்சகரின் உயர்ந்த தகுதி என்று இங்கு பதிவுசெய்யப்படுகிறது.

இனி, துண்டு. சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. துண்டுக்கடியில் கைகோத்து விரலைப் பிடித்துப் பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. மாட்டுக்காரனுக்கும் மானக்கேடு இல்லை. படத்துக்கும் இதுவே சரி. ஞாயிற்றுக்கிழமைப் பந்தியில், ஒன்றுவிட்ட மாமன் உட்பட எட்டுப் பேர் முன்னிலையில் தும்பிக்கையைப் பற்றிப் பேசுவது கருத்துரை ஆகாது, அது ஏலம்.

ஆய்வின் இறுதியில் அப்பாரு தோள்துண்டை விரித்து ஓவியரின் விரல்களைப் பிடித்தார். பேரம் நீண்டது. கன்றோடு சேர்த்துத்தான் தருவேன் என்று ஓவியர் உறுதியாக இருந்துவிட்டதால் மறுநாளே கன்றும் வரையப்பட்டது. நாலு காலும் ஊன்றி நிற்கிறது, நிறம் செவலை. தும்பிக்கையைக் காணோமே என்று கட்டுரையாளர் கேட்டதற்கு ஓவியர் தரப்பு விளக்கம்: "பல்லு போட்டாத்தானுங்க அது மொளைக்கும்."