முப்புளி இயல்: கள்ளக்குறிச்சி வீட்டு மின்னணு மேசை குறித்து ஓர் ஆய்வு

வீட்டு மூலையில் மேசை போட்டு, ரேடியோவையும் சார்ஜரையும் பிரித்துப் பரப்பிக்கொண்டு உட்காருகிறவனுக்கு என்னென்ன கருவிகள் வேண்டும்? உலகத்தில் யாரைக் கேட்டாலும் ஒரே பட்டியல்தான் சொல்வார்கள். சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர், கட்டர், மூக்குக் குறடு, ஸ்குரூ டிரைவர், நல்ல வெளிச்சம். இந்தப் பட்டியலை எழுதியவர் கள்ளக்குறிச்சிக்கு வந்ததில்லை என்பதை முதலிலேயே பதிவு செய்கிறேன். வந்திருந்தால் பட்டியல் மூன்று சொற்களில் முடிந்திருக்கும்: திருப்புளி, கொட்டாப்புளி, மலைப்புளி. மற்றவை யாவும் இம்மூன்றின் எடுபிடிகள். இதுவே இக்கட்டுரையின் கருதுகோள். இதை நிறுவ ஆறு ஆண்டுகள், அரைத் தையல் மேசை, வீட்டுக்காரம்மாவின் பொறுமை ஆகியவை செலவாகியுள்ளன. மூன்றாவது முற்றிலும் தீர்ந்துவிட்டது.

ஆய்வுக் களத்தை அறிமுகம் செய்வது மரபு. 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து தமிழ்நாட்டின் 34-ஆவது மாவட்டமாகக் கள்ளக்குறிச்சி உதயமானது. அந்த வாரமே எங்கள் வீட்டுத் தையல் மெஷின் மேசையின் வடபகுதி தனியே பிரிந்து மின்னணு மேசையானது. மாவட்டத்துக்கு ஆட்சியர் வந்தார், அலுவலகம் வந்தது. என் மேசைக்கு இன்றுவரை எல்லைக்கல் நடவில்லை. பாபின் டப்பா இரவோடு இரவாக ஊடுருவுகிறது. பதிலுக்கு என் ஈயத்துளி ஒன்று யாருடைய ஜாக்கெட்டிலோ குடியேறி, அதற்கு நான் தையற்கூலியும் துணிக்காசும் கட்டினேன்.

இடம் போதாமல் மரச்சிற்பக்காரர் ஒருவரிடம் பலகை கேட்டுப் போனேன். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது வாசகர் அறிந்ததே. இந்த ஊரில் எந்தத் தெய்வத்தையும் எந்த அளவிலும் மரத்தில் வாங்கிவிடலாம். பத்து கிலோ ஓம் ரெசிஸ்டர் நாலு வேண்டுமென்றால்தான் சென்னைக்குப் போகிறவர் கையில் சீட்டு எழுதிக் கொடுத்து, ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போவீர்களா என்று காலைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. சிற்பக்காரர் தந்தது வாகைப் பலகை. அதன் ஓரத்தில் பாதி செதுக்கிக் கைவிட்ட மயிலின் கழுத்து. அந்த வளைவில் என் 25 வாட் சோல்ட்ரான் அயர்ன் அச்சுவார்த்தது போல உட்கார்ந்தது. தனியாக ஸ்டாண்டு எதற்கு என்று இருந்துவிட்டேன். மயிலுக்கு இப்போது கழுத்து காக்கை நிறம்.

இனி முதற்புளி. திருப்பு என்பதும் உளி என்பதும் புணர்ந்து திருப்புளி ஆயிற்று. ஆகவே ஸ்குரூ டிரைவர் என்பது உளிக் குடும்பத்தின் ஒரு கிளை. செதுக்க மறந்து சுழலக் கற்றுக்கொண்ட உளி. உளிகளின் தலைநகரில் மின்னணு மேசை அமைவது இயற்கையே என்ற என் வாதத்துக்கு இதுவே முதல் தூண். இதைச் சிற்பக்காரரிடம் விளக்கினேன். அவர் வேலையை நிறுத்தாமல், "அது உளி இல்லைங்க சார். உளியைப் பார்த்து வளர்ந்த பையன், உருப்படலை" என்றார். அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருப்பது துறையின் வளர்ச்சிக்கு நல்லது.

திருப்புளியின் உட்பிரிவு டெஸ்டர். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் இருப்பது. அதனுள்ளே ஒரு நியான் குமிழும், ஒரு மெகா ஓம் அளவில் ஒரு ரெசிஸ்டரும் உண்டு. தலையைத் தொட்டதும் மின்சாரம் நம் உடம்பு வழியாகத்தான் தரைக்கு இறங்குகிறது. ரெசிஸ்டர் அதை ஒரு சிட்டிகையாகக் குறைத்துவிடுவதால் நாம் உயிரோடிருந்து குமிழ் எரிவதைப் பார்க்கிறோம். தமிழ்நாட்டில் மின்சாரம் இருக்கிறதா என்று அறியும் வழிகளில், பக்கத்து வீட்டை எட்டிப்பார்ப்பதற்கு அடுத்தபடியானது இதுதான்.

ஆனால் டெஸ்டர் எல்லாவற்றையும் சொல்லாது. 230 வோல்ட் ஏசியை நேராக்கினால் பெரிய கண்டன்சரில் 325 வோல்ட் வரை ஏறி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது கடன்காரனைப் போல வாசலில் உட்கார்ந்திருக்கும். அறிந்தவர்கள் ஒரு குண்டு பல்பின் இரு ஒயரையும் அதன் கால்களில் வைத்து மெல்ல வடியவிடுவார்கள். அறியாதவர்கள் திருப்புளியைக் குறுக்கே வைப்பார்கள். என் திருப்புளியின் நுனியில் பல் விழுந்தாற்போல ஒரு பள்ளம் இருக்கிறது. நான் எந்த வகை என்பதை அதைப் பார்த்து வாசகர் முடிவு செய்யலாம்.

இரண்டாம் புளி கொட்டாப்புளி, தச்சரின் மரச்சுத்தி. இச்சொல்லின் பிறப்பு பற்றி என் யூகம்: கொட்டு, ஆப்பு, உளி. மூன்று சொற்களும் நெருக்கியடித்து ஒரே சொல்லில் ஏறியிருக்கின்றன, கூட்ட நேரத்து டவுன் பஸ் போல. இலக்கண அறிஞர்கள் இதற்காக என்னை அடிக்க வரலாம். வரும்போது வெறுங்கையோடு வரவும்.

மின்னணு மேசையில் மரச்சுத்திக்கு என்ன வேலை என்பார்கள். 2006 செப்டம்பரில் தொடங்கி அரசு வீடுவீடாக இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது. அதைப் பார்த்து வளர்ந்த எவருக்கும் இக்கேள்வி எழாது. படம் ஆடினால் பெட்டியின் வலப்பக்கம் ஓர் அடி, நிற்காவிட்டால் தலையில் ஓர் அடி. இது மூடநம்பிக்கை அன்று. பெட்டிக்குள் கனமான டிரான்ஸ்ஃபார்மரின் கால்கள் நாள்தோறும் சூடேறி விரிந்து, இரவில் ஆறிச் சுருங்கும். சில ஆண்டுகளில் காலைச் சுற்றிய ஈயத்தில் மயிரிழை போல வட்டமாக வெடிப்பு விழும். மெக்கானிக்குகள் இதைத்தான் 'டிரை சால்டர்' என்பார்கள். அடித்தால் வெடிப்பின் இரு கரையும் தொட்டுக்கொள்கின்றன, நாடகத்தில் கதாநாயகி மறுபடி அழத் தொடங்குகிறாள். அடிப்பது சிகிச்சையன்று, நோயறிதல். போர்டில் எந்த இடத்தைத் தட்டும்போது கோளாறு வந்து போகிறதோ அங்கே ஈயத்தை மறுபடி உருக்கினால் தீர்ந்தது. தட்டுவதற்கு மின்சாரம் கடத்தாத பொருள் வேண்டும், மரம் உத்தமம். நான் கொட்டாப்புளியின் கைப்பிடியால் தட்டுகிறேன். தலையால் தட்டிய ஒரு முறை பற்றி இங்கே எழுத இடமில்லை.

அந்தத் தொலைக்காட்சிகள் இப்போது என் மேசைக்கு அடியில் உள்ள அட்டைப் பெட்டியில் படிந்திருக்கின்றன. கீழடியில் குழி தோண்டுவது போல அதையும் அடுக்கடுக்காகத் தோண்டலாம். மேலே எல்இடி பல்பு அடுக்கு. பத்துப் புள்ளிகளில் ஒன்று கறுத்ததற்காக மொத்தமாகக் கைவிடப்பட்டவை. அதன் கீழே, 2011-க்குப் பிந்தைய இலவச மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் அடுக்கு: தேய்ந்த கார்பன் பிரஷ், ஊதிய கண்டன்சர். அதற்கும் கீழே தொலைக்காட்சி அடுக்கு. அடிமட்டத்தில் டிரான்சிஸ்டர் ரேடியோ நாகரிகம், அதன் மக்கள் இன்னும் வாழ்கிறார்கள் என்பதற்கான சான்று பின்னர் வரும். ஆட்சி மாற்றங்களைத் தேதியிட உதவும் உதிரிபாகப் பெட்டி வேறெந்த நாட்டிலும் இருக்குமா என்பது ஆய்வுக்குரியது.

ஈயம் பற்றி ஓர் இடையீடு. தமிழில் வெள்ளீயமும் ஈயமே, காரீயமும் ஈயமே. ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம். சால்டர் கம்பியில் இரண்டும் கலந்திருப்பதால், அதைப் பொதுவாக 'ஈயம்' என்று கேட்டு வாங்கும் நம் மெக்கானிக்கே துல்லியமாகப் பேசுகிறார். வெள்ளீயம் தனியே உருக 232 டிகிரி கேட்கும், காரீயம் 327 கேட்கும். 63-க்கு 37 என்று பங்கீடு முடிந்து கூட்டணி அமைந்ததும் இரண்டும் சேர்ந்து 183-க்கு இறங்கி வந்துவிடுகின்றன. தேர்தல் நேரத்தில் இதைப் புரிந்துகொள்வது எளிது. இந்த ஒட்டுப்பொருளுக்குப் பழைய பெயர் பற்றாசு. பொற்கொல்லர் நகைத்துண்டுகளை இணைக்க வைப்பது. வெண்பாவில் முதற்குறளும் தனிச்சொல்லும் ஒட்டாமல் நிற்கும்போது இடையில் ஓரிரண்டு அசை வைத்து இணைப்பதை 'ஆசு' என்று யாப்பிலக்கணத்தார் சொன்னதும் இந்தப் பற்றாசை நினைத்துத்தான். அப்படி இணைத்த பாட்டுக்கு ஆசிடை நேரிசை வெண்பா என்று பெயர். அதாவது நம் முன்னோர் செய்யுளுக்கே சால்டர் வைத்திருக்கிறார்கள். டிரை சால்டர் ஆன வெண்பாக்களை நான் கவியரங்கங்களில் கேட்டிருக்கிறேன். அங்கே கொட்டாப்புளி கொண்டுபோக அனுமதியில்லை.

மூன்றாம் புளிக்கு வருவோம். களிம்பேறிய செம்பில் ஈயம் ஒட்டாது, உருண்டு ஓடும். உயிரோடு கலந்த ஆணவ மலத்துக்குச் சைவ சித்தாந்திகள் செம்பில் களிம்பை உவமை காட்டுவார்கள். அவர்களுக்கும் சால்டரிங்கில் ஏதோ கசப்பான அனுபவம் இருந்திருக்க வேண்டும். குருவருள் கிடைக்கும்வரை காத்திருக்க முடியாதவர்களுக்குப் புளி இருக்கிறது. புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் செம்பின் மேலுள்ள ஆக்சைடைக் கரைத்துவிடும். பித்தளைக் குடம் துலக்கும் எல்லாப் பெண்களுக்கும் தெரிந்த வேதியியல் இது. செம்புத் தகடு ஒட்டிய போர்டை ஒரு கொட்டைப் பாக்களவு புளியால் தேய்த்து, தண்ணீரில் நன்றாக அலசி, துடைத்துக் காயவைத்தால் ஈயம் பாய்ந்து பிடிக்கும். அலசாமல் விட்டால் மிச்சமிருக்கும் அமிலம் மறுபடி பச்சை பூக்க வைக்கும். பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் வைக்கும் நவச்சாரமும் இதே காரணத்தால் போர்டுக்கு ஆகாது, ஒயரையே அரித்துவிடும். சூடேற்றும்போது பைன் மரப் பிசினில் செய்த பேஸ்ட்தான் வைக்க வேண்டும். அதன் புகை சாம்பிராணி போலிருப்பதால் எங்கள் அம்மா செவ்வாய்க்கிழமைகளில்கூட வெள்ளிக்கிழமை என்று எழுந்து குளித்திருக்கிறார்.

புளியில் எது சிறந்தது? கல்வராயன் மலைப்புளியே. இதற்குச் சான்று தேடி வெள்ளிமலை வரை பஸ்ஸில் போனேன். ஒரு திண்ணையில் மலையாளிப் பழங்குடிப் பெரியவர் ஒருவர் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். திருச்சி வானொலி, 936 கிலோஹெர்ட்ஸ். வளைவுக்கு வளைவு செல்போன் சிக்னல் வந்து போகும் மலையில் மத்திய அலை பாறையைச் சுற்றிக்கொண்டு வந்து தெளிவாகப் பேசியது. பேட்டரி மூடியைத் திறந்து பார்க்க அனுமதி கேட்டேன். உள்ளே ஸ்பிரிங்குகள் புதிது போல மின்னின. எப்படி என்று கேட்டேன். "பச்சை பூத்துச்சு தம்பி. புளி போட்டுத் தேய்ச்சேன்" என்றார். ஆறாண்டு ஆய்வின் முடிவை அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொல்லிவிட்டார். அலசினீர்களா என்று கேட்டேன், என் பங்குக்கு ஏதாவது கேட்க வேண்டுமே. "அலசாம விடுவாங்களா?" என்று என்னைப் பார்த்த பார்வையில் அதற்கு மேல் நேர்காணலைத் தொடரவில்லை. இரண்டு கிலோ புளி வாங்கிக்கொண்டு இறங்கினேன்.

மல்டிமீட்டர் வேண்டும். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றுமில்லை.

எதிர்ப்பக்கத்தையும் சொல்வது ஆய்வு நேர்மை. புளி என்பது ரசத்துக்கும் குழம்புக்கும் உரியது, அதை மேசைக்குக் கடத்துவது களவு என்று வீட்டுக்காரம்மா நெடுநாளாக வாதிட்டு வருகிறார். இரண்டு கிலோவில் எவ்வளவு ஆய்வுக்கு, எவ்வளவு சமையலுக்கு என்ற பங்கீடு 63-க்கு 37-இல் முடியவில்லை. புளி முழுவதும் பெரிய எவர்சில்வர் டப்பாவில் போடப்பட்டு மேல் பரணில் ஏற்றப்பட்டது.

போன ஞாயிறு ரசம் வைக்க டப்பாவை இறக்கினார். மூடி இறுகிப்போயிருந்தது. கையால் திருகிப் பார்த்தார், நகரவில்லை. நேராக என் மேசைக்கு வந்து, கேட்காமலே திருப்புளியை எடுத்துப் போய் விளிம்பில் வைத்து நெம்பினார். அதற்கும் அசையவில்லை. நான் குறிப்பேட்டையும் பேனாவையும் எடுத்தேன்.

"என்னாங்க எழுதிக்கிட்டு நிக்கிறீங்க? அந்தக் கொட்டாப்புளியைக் கொண்டாங்க."