வேகத்தை உட்கார்ந்து பார்க்கும் கலை

அதிவேகக் கார் விமர்சனக் காணொளி கார் வாங்குவோருக்கானதன்று. வாங்க வழியே இல்லாதவருக்கான பொதுநலச் சேவை அது. இக்கலையின் தாய்வீடு பிரிட்டன். பிபிசியின் 'டாப் கியர்' 2002இல் புதுவடிவம் எடுத்தபோது டன்ஸ்ஃபோல்ட் விமானத் தளமே சோதனைப் பாதையானது. அங்கே கார்களை விரட்டி நேரம் பதித்தவர் 'ஸ்டிக்'. தலைக்கவசத்தைக் கழற்றமாட்டார், வாயும் திறக்கமாட்டார். விமர்சகருக்கு இதைவிட உயர்ந்த இலக்கணம் இன்னும் எழுதப்படவில்லை.

நல்ல காணொளிக்கு அடையாளம் புகை. டயர் கருக வேண்டும், கார் பக்கவாட்டில் வழுக்க வேண்டும், ஓட்டுபவர் அலற வேண்டும். டிக்கியில் எத்தனை பெட்டி கொள்ளும், லிட்டருக்கு எவ்வளவு ஓடும் என்றெல்லாம் கேட்கும் அற்பர்கள் பேருந்தில் போகலாம்.

இத்துறையின் சிகரம், ஜெர்மனியின் ஏரா-லெசியன் சோதனைத் தடத்தில் அப்போதைய 'டாப் கியர்' தொகுப்பாளர் ஜேம்ஸ் மே புகாட்டி வேய்ரானை மணிக்கு 407 கிலோமீட்டருக்கு விரட்டியது. 16 சிலிண்டர், 4 டர்போ, 1001 குதிரைத்திறன். அந்த வேகத்தில் டயர் 15 நிமிடம் தாங்கும். பெட்ரோலோ 12 நிமிடத்தில் தீர்ந்துவிடும் என்பது கணக்கு. டயர் வெடிக்குமுன் கார் தானே நின்றுவிடுகிறது. பாதுகாப்புக்கு இதற்குமேல் என்ன செய்வது?

பிரிட்டனின் மோட்டார்வேயில் வேக வரம்பு மணிக்கு 70 மைல், அதாவது சுமார் 112 கிலோமீட்டர். வேய்ரானுக்கும் அதுவே; அதே நிகழ்ச்சியில் பிரபலங்களுக்கு ஓட்டக் கொடுத்த சுசுகி லியானாவுக்கும் அதுவே.