பின்னால் இருப்பது மங்கட்டும்!

கேள்வி: புதுசாகக் கேமரா வாங்கியிருக்கிறேன். பின்னணி பஞ்சு மாதிரி மங்கலாக வர எந்த லென்ஸ் வாங்கலாம்? (தென்காசி வாசகர்)

பதில்: இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள். கூடவே வந்த 18–55 லென்ஸை 55-க்குத் திருகுங்கள். சுவரில் சாய்ந்து நிற்பவரைப் பத்தடி முன்னால் கூப்பிடுங்கள். நீங்களும் அவரை நெருங்குங்கள். மூன்றுமே இலவசம். அப்படியும் மனசு ஆறவில்லை என்றால், 50 மி.மீ. எஃப் 1.8.

கேள்வி: எஃப் எண் குறையக் குறைய விலை ஏறுகிறதே, இதென்ன தலைகீழ்க் கணக்கு? (கரூர்)

பதில்: வகுத்தல் கணக்கு. மி.மீ.யை எஃப் எண்ணால் வகுத்தால் ஒளி நுழையும் துளையின் விட்டம் வரும். 50-ஐ 1.8-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 28 மி.மீ. கிட் லென்ஸில் 55-ஐ 5.6-ஆல் வகுத்தால் 10 மி.மீ. கூட இல்லை. அது ஜன்னல், இது சாவித்துவாரம். துளை பெரிதானால் தூரத்துப் புள்ளிகள் பெரிய வட்டங்களாக விரிந்து ஒன்றோடொன்று கலக்கும். அந்தக் கலங்கல்தான் நீங்கள் காசு கொடுத்து வாங்கும் மங்கல்.

கேள்வி: எஃப் 1.8-ல் எடுத்தால் மனைவியின் மூக்கு மட்டும் பளிச், கண் மங்கல். லென்ஸ் பழுதா? (ஈரோடு)

பதில்: லென்ஸ் மேல் பழி போடாதீர்கள். சின்ன சென்சார் கேமராவில், ஒன்றரை மீட்டர் தூரத்தில், தெளிவு நிற்கும் ஆழம் சுமார் 6 செ.மீ.தான். ஃபோகஸ் புள்ளியைக் கண்ணில் வையுங்கள். பயமாக இருந்தால் எஃப் 2.8. மூக்கு கொஞ்சம் மங்கினால் எந்த மனைவியும் கோபித்துக்கொள்வதில்லை.

கேள்வி: 50 லென்ஸில் வீட்டு ஹாலில் நாலு பேர் அடங்க மாட்டேன் என்கிறார்கள். என் முதுகு சுவரில் இடிக்கிறது. (அம்பத்தூர்)

பதில்: உங்கள் சின்ன சென்சாரில் 50 லென்ஸ், பெரிய சென்சாரில் 75–80 லென்ஸ் காட்டும் அளவுதான் காட்டும். ஹாலுக்கு 35 மி.மீ. எஃப் 1.8 சரி. மங்கல் சற்றுக் குறையும். மாமியார் படத்துக்குள் வருவார். எது முக்கியம் என்பது உங்கள் குடும்ப விவகாரம்.

கேள்வி: பழைய நிக்கான் 50 மி.மீ. ‘டி’ லென்ஸ் மலிவாக வருகிறது. வாங்கலாமா? என்னுடையது டி3500. (நாகர்கோவில்)

பதில்: அந்த லென்ஸுக்குள் மோட்டார் இல்லை, உங்கள் கேமராவிலும் அதைத் திருகும் மோட்டார் இல்லை. ஆட்டோஃபோகஸ் உங்கள் விரல்தான். ‘ஏஎஃப்-எஸ்’ என்று பொறித்திருப்பதைத் தேடுங்கள்.

கேள்வி: ‘பொக்கே’ என்கிறார்களே, பூங்கொத்தா? (திருச்சி)

பதில்: பூங்கொத்து பிரெஞ்சுக்காரர்களுடையது. இது ஜப்பானியச் சொல். மங்கல் என்று பொருள். ஆங்கிலம் பேசுகிறவர்கள் தப்பாக உச்சரிக்கக் கூடாதென்று 1997-ல் ஓர் அமெரிக்கப் பத்திரிகை வால்பகுதியில் ஓர் ‘எச்’ ஒட்டியது. ஜப்பானில் இதே ஒலிக்கு மறதி, அசடு என்ற பொருளும் உண்டு. கையில் இருக்கும் லென்ஸை மறந்துவிட்டு அடுத்ததைத் தேடுகிறவர்களுக்கு அது இன்னும் பொருத்தம்.

கேள்வி: மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் முன்னால் எஃப் 1.8-ல் கல்யாணப் படம் எடுத்தோம். பார்க்கிறவர்கள் எல்லாம் “கோயில் எங்கே?” என்கிறார்களே! (செங்கல்பட்டு)

பதில்: அடுத்த முறை எஃப் 8 வையுங்கள், சுவாமி. உப்புக்காற்று ஆயிரத்து முந்நூறு வருஷமாக அரித்தும் கரைக்க முடியாத கோபுரத்தை ஒரே கிளிக்கில் கரைத்துவிட்டீர்கள்.