ஏ/எல்: ஒரு சாய்கோட்டு ஆராய்ச்சி

ஆய்வுக் களம் மலேசியாவின் ரவாங். ஆய்வுக்குக் காரணம் என் அண்ணன் மகன். மேற்படிப்புக்கு இங்கிலாந்து போக வேண்டி, அவனுடைய மலாய்ப் பிறப்புப் பத்திரத்தை ஆங்கிலமாக்கக் கொடுத்தோம். முதலாமவர் ஏ/எல் என்பதை எஸ்/ஓ ஆக்கினார், திரும்பி வந்தது. இரண்டாமவர் 'சன் ஆஃப்' என்று விரித்தார். அதுவும் திரும்பி வந்தது. மூன்றாமவர் ஏ/எல்லைத் தொடவே இல்லை. அடிக்குறிப்பில் ஆறு வரி விளக்கம் எழுதி, அந்த ஆறு வரிக்குத் தனிக் கட்டணம் வாங்கிக்கொண்டார். ஆய்வாளர் என்றால் அவர்தான்.

  

ஏ/எல் என்பது 'அனாக் லெலாக்கி', அதாவது ஆண் பிள்ளை. பெண்ணுக்கு ஏ/பி. வெள்ளைக்காரன் காலத்துப் பத்திரங்களில் எஸ்/ஓ, டி/ஓ. தமிழ்நாட்டில் த/பெ. மலாய்க்காரர்களின் 'பின்', 'பிந்தி'யில் சாய்கோடு இல்லை. எனவே ஆராய ஒன்றுமில்லை. 1894இல் ரவாங் ஈயச் சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டுவந்த இருவரில் லோக் இயூவுக்குச் சாய்கோடு தேவைப்படவில்லை. கே. தம்புசாமி பிள்ளை அப்பாவை ஓர் எழுத்தில் அடக்கி முன்னால் உட்காரவைத்துவிட்டார்.

இனி, சாய்கோடு ஏன் சாய்ந்திருக்கிறது?

அது ரப்பர் மரத்தின் பால் வெட்டு என்பது என் அத்தையின் கோட்பாடு (அத்தை, வாய்மொழி, அடுப்படி). தோட்டத்தில் பிறந்தவனுக்குப் பெயரிலேயே ஒரு வெட்டு விழுகிறதாம். கேட்க உருக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் பால் வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம், ஏறக்குறைய 30 பாகையில், சரியும். சாய்கோடோ வலப்பக்கம் உயர்ந்து இடப்பக்கம் சரிகிறது. இதைச் சுட்டிக்காட்டியதும் அத்தை தம் கோட்பாட்டைத் திருத்தினார்: தோட்டத்து எழுத்தரான கிராணி மரத்துக்குப் பின்னால் நின்று பெயர் எழுதியிருக்கிறார் (அத்தை, இரண்டாம் பதிப்பு, விரிவாக்கியது, மாமா வீட்டில் இல்லாதபோது). மரத்தை ஊடுருவி எப்படிப் பார்த்தார் என்று கேட்டேன். கிராணிக்குத் தெரியாமல் தோட்டத்தில் எது நடந்தது என்று பதில் வந்தது (மேற்படி நூல், முன்னுரை வெற்றிலைக்கு முன், முடிவுரை வெற்றிலைக்குப் பின், பிழைதிருத்தம் மறுநாள் தொலைபேசியில், சொந்தச் செலவில்). மறுக்க முடியாத கோட்பாடு. முனைவர் பட்டத்துக்குத் தகும்.

இலக்கியச் சான்று உண்டு. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். அங்கே அப்பா முன்னே, மகன் பின்னே. ஏ/எல்லில் மகன் முன்னே, அப்பா பின்னே. இந்த ஒன்றை வைத்தே மலாய்மொழி மதுரையில் தலைகீழாகப் பிறந்தது என்று முப்பது பக்கத்தில் நிறுவக்கூடியவர்களை நான் அறிவேன். 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரிலேயே நடந்தது. அதில் சாய்கோடு பற்றி யாரும் பேசவில்லை என்பது என் முடிவு. தேடிப் பார்க்கவில்லை, தேடினால் முடிவு மாறிவிடும் அபாயம் உண்டு.

கடவுச்சீட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகளில் ஆங்கில எழுத்து, எண், '<' என்னும் குறி, இவற்றுக்கு மட்டுமே இடம். சாய்கோட்டுக்கு அனுமதியில்லை. பையனின் விமான டிக்கெட்டிலும் வெட்டு ஆறி, ஏஎல் என்று ஒட்டிக்கொண்டது. ஆறு வரி அடிக்குறிப்பை யாரும் கேட்கவில்லை.

போய்ச் சேர்ந்த மறுவாரம் கூப்பிட்டான். "சித்தப்பா, இங்க எல்லாரும் என்னை அப்பா பேரைச் சொல்லித்தான் கூப்பிடுறாங்க."

அண்ணன் சோற்றுக்கையோடு எட்டிப் பார்த்தார். "யாருடா என்னைக் கூப்பிடுறது? சாப்பிட்டுட்டு வரேன்னு சொல்லு."