எரியறதைப் பிடுங்கு, அப்புனு

அப்புனு, வந்ததும் வராததுமா போனை எடுத்து வெச்சுக்கிட்டு முழிக்கறியே, என்ன சங்கதி? காத்து இன்னைக்கு எத்தனை கெட்டிருக்குன்னு நெம்பரு பார்க்கறயா? பாரு, பாரு. வேண்டாங்கல. எங்க காலத்துல மூக்கை வெச்சே எல்லாம் கண்டுபிடிச்சோம்னு பீத்திக்கற பெருசு நானில்லை.

மூக்குக்குத் தெரியற தூசு நல்ல தூசு. ரெண்டு தும்மல் போட்டா வெளிய போயிரும். கெட்டது கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. உன்ர தலைமசுரு ஒண்ணை முப்பது கூறு போடு. அதுல ஒரு கூறு எத்தனை மெல்லிசோ அத்தனை மெல்லிசு. பி.எம். 2.5னு போன்ல வருதே, அந்தச் சனியன்தான். மூக்கு மசுரைத் தாண்டி, சளியைத் தாண்டி, நுரையீரலோட கடைக்கோடிக்குப் போயி, அங்கிருந்து ரத்தத்துலயும் எறங்கீருது. அதனாலதான் வார சீக்கு இருமலோட நிக்கறதில்லை. மாரடைப்பு, பக்கவாதம், புத்துநோயி வரைக்கும் போவுது. வயித்துல இருக்கற புள்ளை எடை கொறஞ்சு பொறக்குது. அடுப்புப் புகையையும் சேர்த்து, காத்துக் கேட்டுனால வருசத்துக்கு 70 லட்சம் உசுரு போவுதுன்னு உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்லுது.

அந்த நிறுவனமே 2021ல ஒரு அளவும் சொல்லுச்சு. ஒரு கன மீட்டர் காத்துல இந்த மெல்லிசுத் தூசு வருச சராசரியா 5 மைக்ரோகிராமுக்கு மேல இருக்கப்படாது. நம்ம நாட்டுச் சட்டம் 2009லயே 40 வரைக்கும் பரவாயில்லைன்னு எழுதி வெச்சிருச்சு. எட்டு மடங்கு! நம்மாளு நெஞ்சு வெள்ளைக்காரன் நெஞ்சைவிட எட்டு மடங்கு கெட்டின்னு ஆரு தட்டிப் பார்த்தாங்களோ.

சரி, நெம்பரு பார்த்துப்போட்டு என்ன பண்றே? சிரிப்பு அங்கதான் வருது. 'நூத்தி அறுவது'ன்னு படம் புடிச்சு ஸ்டேட்டஸ் போடறே. பொறவு காரை எடுத்துக்கிட்டு, ரெண்டு மைல் தள்ளி இருக்கற பூங்காவுக்கு நடக்கப் போறே. நடக்கறதுக்குக் கார் எதுக்கு, சாமி? வந்து ஜன்னலையெல்லாம் சாத்திப்போட்டு, காத்தைச் சுத்தம் பண்ற மெசினை முடுக்கி உடறே. நீல வெளக்கு எரியுது. 'அப்புச்சி, இது தொண்ணூத்தொம்பது சதம் வடிகட்டும்'ங்கறே. வடிகட்டட்டும். மெசினு நல்ல மெசினுதான். ஆனா அதே ரூம்புல, அதே சாத்துன கதவுக்குள்ளார, கொசுவத்திச் சுருளையும் கொளுத்தி வெக்கறயே, அது என்ன கணக்கு? ஒரு சுருளு எரிஞ்சு முடியறதுக்குள்ள 75லருந்து 137 சிகரெட்டு உடற அளவுக்கு மெல்லிசுத் தூசு உடுதுன்னு 2003லயே அளந்து சொல்லிட்டாங்க. பீடி புடிக்கற உங்க பெரியப்பனைத் திண்ணைக்குத் தாட்டி உட்டியே, அவன் ராத்திரி பூரா குடிச்சாலும் அத்தனை ஆவுமா? கொசு வலை ஒண்ணு கட்டு. அதுக்குக் கரண்டும் வேண்டாம், நீல வெளக்கும் வேண்டாம்.

எரியறதைப் பிடுங்கினா கொதிக்கறது அடங்கும்னு உங்க அம்முச்சி சொல்லுவா. பானை பொங்குதுன்னா அடியில இருக்கற கொள்ளியை இழுக்கோணும். அதை உட்டுப்போட்டு, மேல நின்னு விசிறிக்கிட்டிருந்தா?

டில்லிக்காரவிய அதைத்தான் பண்ணுனாங்க. 2021ல கன்னாட் பிளேஸ்ல 24 மீட்டர் ஒசரத்துக்கு ஒரு கோபுரம். கெட்ட காத்தை மேல இழுத்து, கீழ 40 விசிறியில நல்ல காத்தா உடுமாம். இருவது கோடிக்கு மேல செலவு. பொறவு மாசக்கணக்கா ஓடாம நின்னுச்சு. அது போதாதுன்னு லாரியில தண்ணி பீச்சினாங்க. 2025 அக்டோபர்ல ஏரோப்பிளேன்ல போயி மேகத்துல மருந்து தெளிச்சாங்க, மழை வரட்டும்னு. மேகத்துல ஈரம் போதலை. இல்லாத ஈரம் எங்கிருந்து எறங்கும்? நம்ம மாரியாத்தா கோயில்ல கேட்டிருந்தா, சும்மாவே சொல்லியிருப்பாங்க.

சரி, டில்லியில ஏன் புகை? ஆரைக் கேட்டாலும் பஞ்சாப்புக் குடியானவன் தாளைக் கொளுத்தறான்னு வெரல் நீட்டறாங்க. கொளுத்தறான், இல்லைங்கல. ஏன் கொளுத்தறான்னு கேட்டயா? நெலத்தடித் தண்ணி எறங்குதுன்னு 2009ல அங்க ஒரு சட்டம் போட்டாங்க, ஜூன் 10க்கு முன்னால நெல்லு நடப்படாதுன்னு. நடவு தள்ளுச்சு, அறுப்பும் தள்ளுச்சு. அறுத்த கையோட கோதுமை வெதைச்சாவோணும். நடுவுல இருக்கறது ரெண்டு, மூணு வாரம். அறுப்பு மெசினு கதிரை மட்டும் எடுத்துக்கிட்டு, தாளை முட்டுக்கால் ஒசரத்துக்கு நிக்க வெச்சுட்டுப் போவுது. அந்தூரு மாடு கோதுமைத் தாள் தூளுக்குப் பழகுனது, நெல்லு வைக்கோலை மோந்து பார்த்துட்டுத் திரும்பிக்கும். கையில காசு இல்லை, நாளும் இல்லை. தீப்பெட்டி சல்லிசு. நீயா இருந்தா என்ன பண்ணுவே? தண்ணியைக் காப்பாத்தப் போயி காத்தைக் கெடுத்த கதை. சட்டம் போட்டவன் ஆபீசுல குளுகுளுன்னு இருக்கான், பழி குடியானவன் மேல. இத்தனைக்கும் வைக்கோல் எரியறது மொத்தமே ஒண்ணரை, ரெண்டு மாசம். டில்லியில ஓடற வண்டி வருசம் பூரா ஓடுது. பனிக்காலத்துல குளுந்த காத்து தரையோட படுத்துக்கறதுனால, போட்ட புகை மேல போவ வழியில்லாம அங்கயே நிக்குது. அவ்வளவுதான் சூட்சுமம்.

டில்லியைச் சொல்லிச் சிரிக்காதே. மெட்ராசு என்ன வாழுது? நம்ம பக்கம் மார்கழிக் கடைசியில என்ன பண்றோம்? வூட்டு எறவாணத்துல பூளைப்பூ, வேப்பந்தழை, ஆவாரம்பூ வெச்சுக் காப்புக் கட்டறோம். வூட்டை வழிச்சு, கழுவி உட்டாச் சோலி முடிஞ்சுது. அங்கத்தாளுங்களோ போகின்னு சொல்லி விடியக்காலம் மூணு மணிக்கு டயரை எரிக்கறாங்க. பழசைக் கழிக்கறாங்களாம்! போகி சாமி எந்தக் காலத்துல டயர்ல வந்துச்சு? 2018ல பனியோட அந்தப் புகையும் சேர்ந்து ஏரோப்பிளேன் எறங்க முடியாம வேற ஊருக்குத் திருப்பி உட்டாங்க. டயரை எரிச்சா என்னென்ன வெசம் வரும்னு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வருசா வருசம் நோட்டீசு போடுது. சில புண்ணியவானுக அந்த நோட்டீசையும் சேர்த்துத்தான் எரிக்கறாங்க.

இன்னொரு பவுசு இருக்குது. பைபாஸ் தடத்துல போனா எங்க பார்த்தாலும் 'விறகு அடுப்புச் சமையல்'னு போர்டு. நீயும் வண்டியை நிறுத்தி, 'ஆகா, மண்வாசனை'ன்னு நாலு போட்டோ எடுக்கறே. அந்த வாசனையை உள்ள நின்னு வாங்கறவ ஆருன்னு எட்டிப் பார்த்தயா? விறகு, எருவரட்டி, தென்னமட்டைப் புகையில நாப்பது, அம்பது வருசம் வெந்த பொம்பளைகளுக்கு, ஒரு பீடி தொடாமயே பீடி குடிச்சவனோட நெஞ்சு நோவு வருது. ராத்திரி இருமல் சத்தம் கேட்டு வளந்த நாங்க அதைப் பாரம்பரியம்னு சொல்லலை. 2016ல இருந்து உஜ்வலான்னு ஏழைக வூட்டுக்கு கேஸ் அடுப்பு குடுத்தாங்க. நல்ல காரியம். ஆனா சிலிண்டரு தீந்தா அடுத்ததுக்குக் காசு எங்கன்னு பல வூட்டுல பழைய அடுப்புக்கே திரும்பிட்டாங்க. காத்துக் கேட்டைப் பத்தி மாநாடு போடறவிய, அந்தச் சிலிண்டரு வெலையைப் பத்தி ஒரு வார்த்தை பேசுனா நல்லாருக்கும்.

கொள்ளியை இழுத்தா அடங்கும்ங்கறதுக்குச் சாட்சி கேட்டா, இருக்குது. 1952 டிசம்பர்ல லண்டன்ல அஞ்சு நாளு கரிப்புகை கவுந்துக்கிச்சு. கண்காட்சிக்கு ஓட்டிட்டு வந்த மாடுகூட மூச்சு முட்டிச் செத்துச்சு. ஆளுக 4,000 பேருன்னு மொதல்ல சொன்னாங்க, பின்னால 12,000 வரைக்கும் இருக்கும்னாங்க. அவிய கோபுரம் கட்டலை. 1956ல சட்டம் போட்டு, இன்னின்ன பகுதியில புகைக் கரி எரிக்கப்படாதுன்னு கோடு கிழிச்சாங்க. அதே மாதிரி உலகம் பூரா பெட்ரோல்ல ஈயம் கலந்து, புள்ளைக மூளையைக் கெடுத்துக்கிட்டிருந்தாங்க. அதையும் ஆரும் வடிகட்டலை. ஈயத்தையே நிறுத்தினாங்க. நம்ம நாட்டுல 2000த்துல நின்னுச்சு. கடைசியா அல்ஜீரியாவுல 2021ல நின்னுச்சு, உலகத்துலயே இப்ப பங்குல அது இல்லை.

ஆனா கரி விசயத்துல இங்க என்ன நடந்துச்சு? அனல் மின் நிலையத்துப் புகைபோக்கியில கந்தகத்தைப் புடிக்கற சாதனம் மாட்டோணும்னு 2015ல உத்தரவு. ரெண்டு வருசத் தவணை. பொறவு இன்னொரு தவணை. அப்புறம் இன்னொண்ணு. 2025ல பெரும்பாலான நிலையத்துக்கு அந்தச் சாதனமே வேண்டாம்னு சொல்லிட்டாங்க. கூட்டுறவுச் சொசைட்டியில பயிர்க்கடன் வாங்குன எனக்கு ஒருத்தனும் இப்படித் தவணை குடுக்கலை, அப்புனு. அந்தக் கந்தகம் சும்மா போவுதா? காத்துலயே மாறி மெல்லிசுத் தூசாவும் ஆவுது, மழையோட புளிப்பாவும் எறங்குது. வண்டிப் புகை வெயில்ல வெந்து ஓசோனா மாறி, நெல்லு, கோதுமை மகசூலைக் கொறைக்குது. மேல இருந்தா நம்மளைக் காக்கற ஓசோன், கீழ வந்தா பயிரைத் திங்குது. எந்தப் பொருளும் இருக்கற எடத்துல இருக்கோணும்.

உனக்குப் பெருசா சோலி ஒண்ணும் சொல்லலை. புகை எச்சா இருக்கற நாள்ல வெளிய போனா என்-95 மாஸ்க்கைப் போடு, கர்ச்சீப்பு இந்தத் தூசுக்கு ஆவாது. உன்ர தெருமுக்குல குப்பை எரிஞ்சா போட்டோவை எனக்கு அனுப்பாதே, கவுன்சிலருக்கு அனுப்பு. அடுத்த எலக்சன்ல ஓட்டுக் கேட்டு வந்தா அந்தப் போட்டோவை எடுத்துக் காட்டு. தை நோம்பிக்கு வாரப்ப காரை வூட்டுலயே உட்டுட்டு வா, திருப்பூர்ல எறங்கினா நம்மூருக்கு டவுன் பஸ் இருக்குது. பொடக்காளியில சருகு மக்கறதுக்கு ஒரு குழி வெட்டோணும். மம்முட்டியைச் சாத்தி வெச்சிருக்கேன்.