மூத்தவர்கள் ஹார்லிக்ஸ் குடித்தார்கள்

நெய்வேலி டவுன்ஷிப்பில் முப்பத்து மூன்று வருஷமாகக் குடியிருக்கிறேன். இத்தனை வருஷத்தில் நான் முழுதாகக் கற்றுத் தேர்ந்த கலை ஒன்றுதான்: வாசலில் யாராவது கூப்பிட்டால், வீட்டில் ஆள் இல்லாத மாதிரி இருப்பது. டி.வி.யை ஊமையாக்குவேன். ஃபேனைக் குறைப்பேன். செருப்பை முன்கூட்டியே உள்ளே எடுத்து வைத்திருப்பேன். ஒரே ஒரு தடவை தும்மல் காட்டிக் கொடுத்துவிட்டது. "தும்மிட்டீங்க, இனி போய்த் திறந்துதான் ஆகணும்" என்றாள் வீட்டுக்காரி. வந்தவர் எதிர் வீட்டுக்காரர். போன மாதம் நான் இரவல் வாங்கிய ஏணியைக் கேட்க வந்திருந்தார்.

இப்பேர்ப்பட்டவன், போன நவராத்திரி சமயம் அமெரிக்காவில் மகள் வீட்டு அழைப்பு மணி அடித்தபோது விழுந்தடித்துக்கொண்டு ஓடினேன். யூட்டா மாநிலத்தில் லீஹை என்று ஊர். மகளும் மருமகனும் ஆபீஸ் போய்விட்டால் தெருவில் மனித முகமே தென்படாது. நாலு நாளாக எனக்குப் பேச்சுத் துணை என் மனைவி மட்டும்தான். நான் ஓடியதற்கு இதற்கு மேல் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

வாசலில் இரண்டு பையன்கள். வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பட்டை. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு அப்ரண்டிஸ் சேர வந்தவர்கள் போல அவ்வளவு சுத்தமாகத் தலை வாரியிருந்தார்கள். பட்டையில் பெயருக்கு முன்னால் 'எல்டர்' என்றிருந்தது. மூத்தவர் என்று அர்த்தமாம். ஒரு மூத்தவருக்குப் பத்தொன்பது வயது, இன்னொரு மூத்தவருக்கு இருபது. ஐம்பத்தெட்டு வயதான என்னை 'பிரதர்' என்றார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகவே உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

இவர்களைத்தான் ஊர் மார்மன்கள் என்கிறது. 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை' என்று முழுப் பெயரையும் சொல்ல வேண்டும் என்று 2018 முதல் அவர்கள் தலைமை வற்புறுத்துகிறது. நெய்வேலியில் என் வீட்டு வாசலில் நின்று அந்தப் பெயரைச் சொல்ல ஆரம்பித்தால், 'பரிசுத்த' வருவதற்குள் கதவு சாத்தியாகியிருக்கும்.

மனைவி ஃபில்டர் காபி கலந்து, ஊரிலிருந்து சுமந்து போன டபரா டம்ளரில் நுரை ததும்பக் கொண்டுவந்து வைத்தாள். பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மன்னிக்க வேண்டும், குடிக்க மாட்டோம் என்றார்கள். எங்கள் வீட்டில் காபியை வேண்டாம் என்று சொன்ன முதல் மனிதப் பிறவிகள் அவர்கள்தான். இவள் முகம் சுண்டிவிட்டது. "சர்க்கரை கம்மியாப் போட்டுத் தரட்டுமா?" என்றாள். விஷயம் சர்க்கரையில் இல்லை. சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் 1833-இல் தமக்கு அருளப்பட்டதாகச் சொன்ன 'ஞான வார்த்தை'யில் மது, புகையிலையோடு சூடான பானங்களும் விலக்கு. சூடான பானம் என்றால் டீயும் காபியும் என்று பிற்பாடு விளக்கம். சூடு குற்றமில்லை, காபிதான் குற்றம். கடைசியில் இவள் ஹார்லிக்ஸ் ஆற்றிக் கொடுத்தாள். மூத்தவர்கள் ஆளுக்கு இரண்டு டம்ளர் குடித்தார்கள். மேல் உதட்டில் வெள்ளை மீசையோடு பார்த்தபோது இவள் மனசு இளகிவிட்டது. "சின்னப் பசங்கங்க" என்றாள்.

"வீட்டில் ஏதாவது வேலை இருந்தால் செய்து தருகிறோம்" என்றார்கள். ஊரில் இப்படி ஒரு வாக்கியத்தை என் பிள்ளை வாயிலிருந்து கேட்டதில்லை. கொலுப்படி கட்ட வேண்டியிருந்தது. டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு சோபாவை நகர்த்தி, ஏழு படியும் அடுக்கி, வேட்டியை மடிப்புக் கலையாமல் விரித்தார்கள். செட்டியார் பொம்மைக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. முப்பது வருஷமாகப் பார்த்து வருகிற பொம்மை.

அதற்குப் பிறகு இரண்டு மூன்று தடவை வந்தார்கள். அவர்கள் மதத்தைப் பற்றி அவர்கள் சொன்னதைவிட, அவர்கள் நாளைப் பற்றி நான் கேட்டதுதான் அதிகம். காலை ஆறரைக்கு எழுந்துவிட வேண்டும். அரை மணி உடற்பயிற்சி. பிறகு வேத வாசிப்பு. தனியாகக் கொஞ்ச நேரம், கூட்டாளியோடு கொஞ்ச நேரம். அப்புறம் தெரு. ராத்திரி ஒன்பது வாக்கில் வீடு, பத்தரைக்கு விளக்கணைப்பு. சினிமா, டி.வி., காதல் எதுவும் கிடையாது. வாரத்தில் ஒரு நாள் துணி துவைக்க, முடி வெட்ட, மளிகை வாங்க. பையன்களுக்கு இரண்டு வருஷம், பெண்பிள்ளைகள் போனால் ஒன்றரை வருஷம். சம்பளம் கிடையாது என்பது மட்டுமல்ல, இவர்கள்தான் பணம் கட்ட வேண்டும். அமெரிக்கப் பிள்ளை என்றால் 2020 முதல் மாதம் 500 டாலர். சின்ன வயதிலிருந்து புல் வெட்டிச் சேர்த்த காசு என்றான் மூத்த மூத்தவன். எந்த ஊர் என்று கேட்க உரிமையில்லை. கடிதம் வரும், போக வேண்டும். 2019 வரைக்கும் வீட்டுக்குப் போன் பேச்சே வருஷத்துக்கு இரண்டு தடவைதானாம்: கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும். இப்போது வாரம் ஒரு தடவை பேசலாம். "நம்ம புள்ள ஹாஸ்டலிலிருந்து ஜி-பேக்கு மட்டும்தான் பேசுறான்" என்று இவள் ஒரு பெருமூச்சு விட்டாள்.

எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டேன். கூட்டாளி விதியைக் கேட்டதும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 'கம்பேனியன்' என்று ஒருவரை மேலிடம் நியமிக்கும். அவர் கண் பார்வையிலும் காது கேட்கும் தூரத்திலுமே எப்போதும் இருக்க வேண்டும். குளியலறை மட்டும் விலக்கு. குறட்டை விட்டாலும் அவர்தான், கோபித்துக்கொண்டாலும் அவர்தான். ஆனால் ஆறு வாரத்துக்கு ஒரு தடவை டிரான்ஸ்ஃபர் வரும், கூட்டாளி மாறலாம். நான் மனைவியைப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்திரண்டு வருஷம், ஒரே கம்பேனியன், டிரான்ஸ்ஃபர் இல்லாத போஸ்டிங்.

உற்பத்தி இலக்கு வைத்து வேலை பார்க்கிற இடத்திலிருந்து வந்தவன் ஆகையால் அந்தக் கேள்வியையும் கேட்டுவிட்டேன். "இதுவரை எத்தனை பேர் சேர்ந்தார்கள்?"

"பதினாலு மாசத்தில் ஒருத்தர்."

"மீதி நாளெல்லாம்?"

"கதவு" என்றான், சிரித்துக்கொண்டே.

எனக்கு நான் வேலை பார்க்கிற நெய்வேலிச் சுரங்கம்தான் ஞாபகம் வந்தது. ஒரு டன் பழுப்பு நிலக்கரி எடுக்க ஐந்து கன மீட்டருக்கு மேல் மண்ணை வாரிப் போட வேண்டும். பையன் பதினாலு மாதமாக ஓவர்பர்டன் அள்ளிக்கொண்டிருக்கிறான். பிறகு எதற்காக இது என்றேன். ஊழியத்தில் முதலில் மனம் மாறுகிறவன் ஊழியக்காரன்தான் என்று அவர்களுக்குள் ஒரு பேச்சு உண்டாம். வீட்டில் தான் சாப்பிட்ட தட்டைக் கழுவியதில்லை, இப்போது ராத்திரி படுக்கும் முன் அன்று கதவைச் சாத்தியவர்களுக்காகக்கூட ஜெபம் செய்கிறேன் என்றான். பேர் தெரியாதே என்றேன். "பச்சைக் கதவுக்காரர், நாய் வளர்க்கிற அம்மா என்று சொல்வேன். ஆண்டவருக்குத் தெரியும்."

"என்னை என்னவென்று சொல்வாய்?"

"ஹார்லிக்ஸ் பிரதர்."

திரும்பி வந்ததும், இவர்கள் நம் பக்கம் வந்ததுண்டா என்று தேடிப் படித்தேன். வந்திருக்கிறார்கள், 1853-லேயே. ரிச்சர்ட் பாலன்டைன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். சால்ட் லேக் பள்ளத்தாக்கில் 1849-இல் முதல் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியவர். 1852 ஆகஸ்டில் ஒரு மாநாட்டில் எழுந்து நின்று பெயர் வாசித்தார்கள், அவ்வளவுதான். குடும்பத்தை விட்டுவிட்டு சான்பிரான்சிஸ்கோவில் கப்பலேறி, கல்கத்தா போய், அங்கிருந்து இன்னொரு கப்பலில் சென்னை வந்து சேர்ந்தார், கூட ராபர்ட் ஸ்கெல்டன் என்ற கம்பேனியனோடு. கையில் பணம் கொண்டுபோகக் கூடாது என்பது அன்றைய விதி. சென்னையில் பிரசுரம் அச்சடித்தார், பத்திரிகை நடத்தினார். சேர்ந்தவர்கள் ஒரு சிலரே. உடம்பு கெட்டு 1854-இல் கப்பலேறினார். அதிகம் பேர் சேராததற்கு ஒரு காரணம், அவரை அனுப்பிய அதே மாநாட்டில்தான் பலதார மணத்தையும் பகிரங்கமாக அறிவித்திருந்தார்கள். செய்தி அவருக்குப் பின்னாலேயே கப்பலேறி வந்துவிட்டது. "1890-இல் அதை நிறுத்திவிட்டார்கள்" என்று மனைவிக்கு விளக்கினேன். "அந்த வருஷம் மட்டும் உங்களுக்கு எப்படிங்க ஞாபகம் இருக்கு?" என்றாள். என் பிறந்தநாள் தவிர இவளுக்கு எல்லாம் சந்தேகம்.

எனக்கு இதில் பிடித்த சங்கதி வேறு. பாலன்டைன் சென்னையில் அலைந்த அதே நாளில், ஏழுகிணறு வீராசாமித் தெருவில் முப்பது வயது ராமலிங்கம் என்பவர் குடியிருந்தார். நெய்வேலிக்குப் பக்கத்தில் நம் வடலூரில் 1867-இல் தருமசாலை அடுப்பை மூட்டிய வள்ளலார்தான். இரண்டு பேரும் ஒரே ஐப்பசி மழையில் நனைந்திருப்பார்கள்.

அப்புறம் நூறு வருஷம் பெரிதாகச் சத்தமில்லை. 1954-இல் கோயம்புத்தூரில் பால் திருத்துவதாஸ் என்பவர் கண்ணில் இந்தச் சபையின் பழைய துண்டுப் பிரசுரம் ஒன்று பட்டது. ஊழியக்காரர் யாரும் அவர் கதவைத் தட்டவில்லை. இவர்தான் கடிதம் எழுதி எழுதி அவர்கள் கதவைத் தட்டினார். ஞானஸ்நானம் கிடைத்தது 1965-இல். பதினொரு வருஷம் வாசலில் நின்றவர். 1978-இல் எட்வின் தர்மராஜு, எல்சி தர்மராஜு தம்பதி சமோவாவிலிருந்து ஹைதராபாத் வந்து சொந்தக்காரர்களிடம் மட்டும் பேசி இருபத்திரண்டு பேரைச் சேர்த்தார்கள். என் சொந்தத்தில் மகள் கல்யாணத்துக்கே அத்தனை பேரை ஒரே பந்தியில் உட்கார வைக்க முடியவில்லை. இன்று இந்தியாவில் இவர்கள் வீடு வீடாகத் தட்டுவதில்லை. கேட்டு வருபவர்களுக்குத்தான் சொல்கிறார்கள். எனக்கு இது கொஞ்சம் ஏமாற்றம்தான். ஒரு டின் ஹார்லிக்ஸ் வாங்கி வைத்திருந்தேன்.

படித்ததோடு நின்றிருக்கலாம். ஒரு வாரம் நாமும் இப்படி வாழ்ந்து பார்த்தால் என்ன என்று தோன்றிவிட்டது. தைப்பூசம் வந்துகொண்டிருந்தது. வீடு வீடாகப் போய் ஆளுக்கு ஒரு படி அரிசி கேட்டு வடலூர் தருமசாலைக்குக் கொடுப்பது என்று முடிவு. மதத்தை மாற்றச் சொல்லப் போவதில்லை, அரிசியை இடம் மாற்றச் சொல்லப் போகிறேன், அவ்வளவுதான்.

ஆறரை மணி விதியே இடித்தது. கன்வேயர் பிரிவில் ஷிஃப்ட் பார்க்கிறவனுக்கு, ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் வாரத்தில் ஆறரை என்பது வேலை தொடங்கி அரை மணி. நைட் ஷிஃப்ட் வாரத்தில் அது நான் வீடு வந்து சேரும் நேரம். செகண்ட் ஷிஃப்ட் வாரமாகப் பார்த்துத் தொடங்கினேன். முதல் நாள் உடற்பயிற்சி: குனிந்தேன், நிமிர மனைவி வர வேண்டியிருந்தது. அருட்பா வாசிப்பு: இரண்டாம் பக்கத்தில் கண்ணாடியோடு தூங்கியிருக்கிறேன். காபி விலக்கு: பதினோரு மணிக்கு மண்டைக்குள் பக்கெட் வீல் சுற்ற ஆரம்பித்தது. கூட்டாளி பார்வையிலேயே இருக்க வேண்டும் என்ற விதி இரண்டு மணிக்கு மேல் செல்லாது; மனைவியைச் சுரங்கத்துக்குள் அழைத்துப் போக விட மாட்டார்கள். அந்த ஓட்டையில் புகுந்து கேன்டீனில் இரண்டு காபி குடித்தேன். ராத்திரி வாசல்படி ஏறும்போதே, "டிகாஷன் வாசனை வருது" என்றாள். இவள் முன்னால் எந்த மேலிடமும் தோற்கும்.

தெருவில் இறங்கியபோதுதான் ஊரே தெரிந்தது. முதல் வீடு: "எல்.ஐ.சி.யா சார்? போட்டாச்சு." இரண்டாவது: "எந்த யூனிட்? ரிட்டயர்மென்ட் எப்போ? குவார்ட்டர்ஸை யாருக்கு விடப் போறீங்க?" என்று நேர்காணல் நடத்திவிட்டு, அரிசி ரேஷனில் இன்னும் வாங்கவில்லை என்றார். அடுத்த பிளாக்கில் புதிதாக வந்த வடநாட்டு இன்ஜினியர் வீடு. 'சாவல் சாஹியே' என்று எனக்குத் தெரிந்த மொத்த இந்தியையும் செலவு செய்தேன். அந்தம்மா உள்ளே போய், தட்டில் சூடாகச் சோறு போட்டுப் பருப்பு ஊற்றிக் கொண்டுவந்து, "பைட்டியே" என்று நாற்காலி போட்டார். மறுப்பது மரியாதையா என்று கூட்டாளியைப் பார்த்தேன். "சாப்பிடுங்க, நான் அரிசிய வாங்கிக்கிறேன்" என்றாள். சைகையிலேயே இரண்டு படி வாங்கிவிட்டாள்.

நான் தட்டிய ஒரு கதவு வெகுநேரம் திறக்கவில்லை. செருப்பு வெளியே இல்லை. உள்ளே ஃபேன் சத்தம் குறைந்தது. அந்தச் சத்தம் எப்படிக் குறையும் என்று இந்த டவுன்ஷிப்பில் என்னைவிடத் தெரிந்தவன் யார்? இன்னொரு வீட்டில் லுங்கியோடு ஒரு பையன் கண் சிவக்க வந்து நின்றான். "நைட் ஷிஃப்ட் முடிச்சு இப்பதான் சார் படுத்தேன்." எந்த நேரம் பார்த்தாலும் மூன்றில் ஒரு வீடு தூங்குகிற ஊர் இது. முப்பது வருஷம் ஷிஃப்ட் பார்த்த எனக்கு அது தட்டுகிறபோது மட்டும் மறந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டேன். போய்ப் படுக்காமல், உள்ளே போய் அரைப் படி கொண்டுவந்தான்.

ராத்திரி பத்தரைக்கு விளக்கணைத்துவிட்டு, சும்மா ஒரு சோதனைக்கு, அந்தப் பையன் செய்வதைச் செய்து பார்த்தேன். எல்.ஐ.சி. போட்டுவிட்டவர், ஃபேனைக் குறைத்தவர், பருப்புச் சோறு போட்ட அம்மா, லுங்கிப் பையன். ஒவ்வொரு கதவாக வந்தது. ஃபேனைக் குறைத்தவரிடம் எனக்குக் கோபமே வரவில்லை. நான்காவது கதவு தாண்டுவதற்குள் தூங்கிப் போயிருக்கிறேன். பல வருஷத்தில் அப்படித் தூங்கியதில்லை. குறட்டை பற்றிக் கூட்டாளி கொடுத்த அறிக்கை வேறு மாதிரி.

ஏழாம் நாள் மூட்டையை நிறுத்தோம். இருபத்திரண்டு கிலோ. என் கையால் வாங்கியது நாலரை, மீதி கூட்டாளி. பஸ்ஸில் வடலூர் போய்க் கொடுத்துவிட்டு, எதிரே இருந்த கடையில் இரண்டு பேரும் காபி குடித்தோம்.

ஏணி எதிர் வீட்டுக்குப் போய்விட்டது. செருப்பு இப்போது வெளியில்தான் கிடக்கிறது. ஏதாவது காரியமாக நீங்கள் இந்தப் பக்கம் வந்தால் தாராளமாகத் தட்டலாம். காபியும் உண்டு, பிரிக்காத ஹார்லிக்ஸும் உண்டு. இந்த வாரம் மட்டும் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் வாருங்கள்; நைட் ஷிஃப்ட்.